நாடாவின் வேகமும் குரலின் மெய்ம்மையும்

முன்னுரை

ஒலிக்குக் காலம் உண்டு. எழுத்துகளுக்கு மாத்திரை வகுத்த தொல்காப்பியர், கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அதற்கு அளவாகக் கொண்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் கணக்கைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஒலியை அளக்கும் கருவிகள் தோன்றாத காலத்திலேயே அதனைக் காலத்தோடு பிணைத்து நோக்கிய மரபு நம்முடையது. அவ்வாறாயின், ஒருவரின் பேச்சைத் தாங்கிய ஒலிநாடா, பதிந்த வேகத்தில் அன்றி வேறொரு வேகத்தில் ஓட்டப்படும்போது நாம் கேட்பது யாருடைய குரல்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஸ்பூல் டேப் என்று பெரியோர்கள் வழங்கும் சுருள் ஒலிநாடாக்களை மீண்டும் ஓட்டிக் கணினியில் ஏற்றும் பணி இன்று பல நாடுகளில் நடந்து வருகின்றது. அப்பணியுள் மிகவும் நுட்பமானது, வழக்கமான வேகத்தில் பதியப்படாத நாடாக்களுக்கு உரிய வேகத்தைக் கண்டறிவதாகும். இதனை மின்பொறியாளரின் வேலை என்று ஒதுக்கிவிடலாகாது. மொழி, இசை, நாட்டார் வழக்காறு ஆகியவற்றைப் பயில்வோர்க்கும் இஃது உரியது என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

பேத்துப்பாறையும் வாய்மொழியும்

கொடைக்கானலை அடுத்த பழனிமலைச் சிற்றூர்களுள் ஒன்று பேத்துப்பாறை. பளியர் என்னும் பழங்குடியினர் வாழும் ஊர்களுள் இதுவும் ஒன்று. தேனும் கிழங்கும் காட்டுப் பொருள்களும் திரட்டி வாழ்ந்த இம்மக்களின் பேச்சு, தமிழோடு மிக நெருங்கியது. அவர்தம் அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று; வாயினின்று செவிக்குச் சென்று வாழ்வது.

பழனிமலைப் பளியரைப் பற்றி டாமன் என்னும் கத்தோலிக்கத் துறவி 1908ஆம் ஆண்டிலேயே 'ஆந்திரோபோஸ்' என்னும் மானிடவியல் இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். பின்னர், 1962 முதல் 1964 வரை அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் தென்தமிழ்நாட்டு மலைகளில் பளியரோடு தங்கி ஆராய்ந்தார். பளியர் குறைவாகப் பேசுபவர். வயது ஏற ஏற அவர்தம் பேச்சு மேலும் அருகுகின்றது என்பது கார்ட்னர் எழுதியவற்றுள் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தியாகும்.

இச்செய்தி நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. குறைவாகப் பேசும் ஒருவரின் பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட அமைதியும் பொருள் உடையது. அந்த அமைதி எத்தனை நொடி நீண்டது, சொல் எத்துணை மெல்ல எழுந்தது என்பவற்றை எழுத்து காட்டாது. ஒலிப்பதிவு ஒன்றே காட்டும். ஆனால் அப்பதிவு ஐந்தில் ஒரு பங்கு விரைந்து ஓடினால், மெல்லப் பேசிய முதியவர் படபடத்துப் பேசுபவர் ஆகிவிடுவார். அவருடைய அமைதியும் சுருங்கிவிடும். ஒரு சொல்லைக்கூட மாற்றாமலே அம்மனிதரை மாற்றியவர்கள் ஆவோம். மலையூர் ஒன்றில் என்றோ பதியப்பட்ட சுருள் ஒன்று நாளை யாரேனும் ஒருவரின் பரணிலிருந்து வெளிப்படுமாயின், அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இன்றே அறிந்துகொள்ளுதல் நன்று.

நாடாவும் அதன் வேகமும்

ஒலிநாடா என்பது நெகிழ்ந்த பிளாஸ்டிக் பட்டையின்மீது இரும்பு ஆக்சைடு பூசப்பட்ட ஒன்று. 1935ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஏ.இ.ஜி. நிறுவனம் காட்சிக்கு வைத்த 'மேக்னெட்டோபோன்' கருவியிலிருந்து இதன் பரவல் தொடங்கியது. கருவியின் தலைப்பகுதியில் உள்ள மின்காந்தம், தன்னைக் கடந்து செல்லும் நாடாவில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காந்தப் பதிவாக்குகின்றது. ஆகவே நாடாவில் உள்ளது காலம் அன்று, நீளமே. ஒரு நொடியின் ஒலி எத்தனை சென்டிமீட்டர் நீளத்தில் படிந்துள்ளது என்பதை வேகமே தீர்மானிக்கின்றது. ஓட்டும்போது அதே வேகம் கிடைத்தால்தான் நீளம் மீண்டும் பழைய காலமாகும்.

வழக்கமான வேகங்கள், ஒன்றுக்கு ஒன்று பாதியாக இறங்கி வருபவை. நொடிக்கு 38.1 செ.மீ., 19.05 செ.மீ., 9.5 செ.மீ., 4.76 செ.மீ., 2.38 செ.மீ. என அவை அமையும். வானொலி நிலையங்களும் இசைப்பதிவுக் கூடங்களும் முதல் இரண்டை நாடின, வீடுகளில் 19.05உம் 9.5உம் மிகுதியாக வழங்கின. ஏழு அங்குலச் சுருளில் அடங்கும் 1200 அடி நாடா, 19.05 வேகத்தில் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய 32 நிமிடம் ஓடும், 9.5 வேகத்தில் 64 நிமிடம் ஓடும். நாடாவை மிச்சப்படுத்த விரும்பியோர் வேகத்தைக் குறைத்தனர். ஒலியின் தெளிவும் உடன் குறைந்தது.

மிகவும் தாழ்ந்த வேகத்திற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் மாளிகையில் 1971 முதல் 1973 வரை மறைவாகப் பதியப்பட்ட உரையாடல்கள், நொடிக்கு 2.38 செ.மீ. என்னும் வேகத்தில் மிக மெல்லிய நாடாவில் பதிந்தவை. அவை ஏறத்தாழ 3,700 மணி நேரம் ஓடக்கூடியவை. ஒரு நாட்டின் அரசியலையே புரட்டிய சொற்கள் அவ்வளவு குறுகிய நீளத்தில் நெருங்கிக் கிடந்தன.

வேகம் பிறழும் வகைகள்

மேற்கூறிய வேகங்களுள் எதற்கும் பொருந்தாத நாடாக்கள் தோன்றியமைக்கு மூன்று காரணங்களை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, மின்னோட்டத்தின் அலைவெண். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் ஏறத்தாழ 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்கக் கருவியை இங்குக் கொணர்ந்தோர் மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்துக்கொண்டனர். ஆனால் மின்மாற்றி அலைவெண்ணை மாற்றாது. மின்னலையைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார், 60க்கு மாறாக 50 கிடைக்கும்போது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். 19.05 என்று கருவியில் எழுதியிருக்கும். நாடா ஓடியதோ 15.9 செ.மீ. வேகத்தில். அந்நாடாவைச் சரியான கருவியில் ஓட்டினால் ஒலி ஐந்தில் ஒரு பங்கு உயரும். இசை மொழியிற் கூறின், ஷட்ஜம் சாதாரண காந்தாரமாகும். ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கும் சற்று மேலே பாடுவார். 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கி வந்ததும், அவர்தம் பிள்ளைகளுக்கென 1901இல் பள்ளி ஒன்று எழுந்ததும் ஆகிய கொடைக்கானலில் இவ்வகைப் பிறழ்ச்சியை எதிர்பார்த்தே நாடாவை அணுகுதல் தகும்.

இரண்டாவது, மின்கலத்தாலும் வில்சுருளாலும் இயங்கிய கருவிகள். மின்வசதி இல்லாத இடங்களுக்கு ஆய்வாளர் சுமந்து சென்றவை இவையே. 1950களின் தொடக்கத்தில் ஸ்டெபான் குடெல்ஸ்கி உருவாக்கிய முதல் 'நாக்ரா' கருவி, கடிகாரம்போல் முறுக்கி ஓட்டப்பட்டது. 1960களில் பரவிய 'ஊஹர் ரிப்போர்ட்' கருவி மின்கலத்தால் ஓடியது. நல்ல கருவிகளில் வேகக் கட்டுப்பாடு இருந்தது. மலிவான கருவிகளில் மின்கலம் சோரச் சோர நாடாவும் தளர்ந்தது. அப்பதிவை இன்று சீரான வேகத்தில் ஓட்டினால், பேசுபவரின் குரல் போகப்போக உயர்ந்துகொண்டே செல்லும்.

மூன்றாவது, இழுதண்டு இல்லாத சிறு கருவிகள். தரமான கருவிகளில் கேப்ஸ்டன் எனப்படும் இழுதண்டும் ரப்பர் உருளையும் நாடாவைப் பற்றிச் சீராக இழுக்கும். 1960களில் விளையாட்டுப் பொருள்போல் விற்ற மூன்றங்குலச் சுருள் கருவிகள் பலவற்றில் இத்தண்டு இல்லை; நாடாவை ஏற்கும் சுருளே அதனை இழுத்தது. சுருளில் நாடா ஏற ஏற அதன் சுற்றளவு பெருகும். சுற்றளவு பெருக வேகமும் பெருகும். எடுத்துக்காட்டாக, வெறுஞ்சுருளின் ஆரம் 1.5 செ.மீ. எனவும் நிறைந்தபின் 3 செ.மீ. எனவும் கொள்வோம். தொடக்கத்தைக் காட்டிலும் முடிவில் வேகம் இருமடங்கு. இதனை இடைப்பட்ட ஒரே வேகத்தில் ஓட்டினால், முதலில் கீச்சுக்குரல் கேட்கும். இறுதியில் அதே மனிதர் ஒரு ஸ்தாயி தாழ்ந்து உறுமுவார்.

இங்கு மாத்திரைக் கணக்கை மீண்டும் நினைவுகூர்வோம். நாடா முழுதும் ஒரே விகிதத்தில் விரைந்தால் குறிலும் நெடிலும் சேர்ந்தே குறுகும். ஒன்றுக்கு இரண்டு என்னும் உறவு கெடாது. இழுதண்டு இல்லாத கருவியின் நாடாவிலோ அவ்வுறவும் கெடுகின்றது. தொடக்கத்தில் ஒலித்த நெடிலும் முடிவில் ஒலித்த குறிலும் ஒரே நீளமாகத் தோன்றக்கூடும். அளந்து ஆராயும் மொழியியல் மாணவர் கருவியின் இயல்பை அறியாராயின், பேசியவரிடம் இல்லாத பண்பை அவர்மேல் ஏற்றிவிடுவர்.

உரிய வேகத்தைக் காணும் வழிகள்

இத்தகைய நாடாக்களுக்கு உரிய வேகத்தை எங்ஙனம் காண்பது? சான்றுகள் நாடாவுக்குள்ளேயே சில உண்டு.

மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் முதற் சான்று. மின்கம்பிக்கு அருகில் பதிந்த நாடாவில் 50 ஹெர்ட்ஸ் முரல் ஒலி படிந்திருத்தல் இயல்பு. மின்கலக் கருவியில் பதிந்த நாடாவை ஓட்டும்போது அம்முரல் 52 ஹெர்ட்ஸில் ஒலித்தால், நாம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓட்டுகின்றோம் என்று கொள்ளலாம்.

எனினும் இச்சான்று நம்மை ஏமாற்றவும் கூடும். மின்னலையைப் பின்பற்றும் மோட்டார் உள்ள கருவியில், மின்னலை தளரும்போது நாடாவும் தளர்கின்றது, முரலும் தளர்கின்றது. இரண்டும் சேர்ந்தே தளர்வதால் நாடாவில் முரலின் நீளம் மாறுவதில்லை. தென்னக மின்தொகுப்பில் அலைவெண் 50க்கு மிகவும் கீழே இறங்கிய காலம் உண்டு. 2003ஆம் ஆண்டு புதிய கட்டண ஒழுங்கு வந்தபின்னரே அது சீர்ப்பட்டது. 48.5 ஹெர்ட்ஸ் இருந்த ஒரு மாலையில் அத்தகைய கருவியில் பதிந்த நாடா, இன்று 50 என்றே முரலும். பாடியவரின் குரலோ நூற்றுக்கு மூன்று பங்கு உயர்ந்திருக்கும். அமெரிக்கக் கருவியில் இங்குப் பதிந்த நாடா 60 என்று முரலும். அதனை அமெரிக்காவிலேயே பதிந்தது என்று மயங்குவோரும் உண்டாகலாம். ஆகவே முரலை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் ஆகாது. பதிந்த கருவி எதுவென்றும் அறிதல் வேண்டும்.

சுருதி மாறாத பொருள்களின் ஒலி இரண்டாம் சான்று. பின்னணியில் ஆர்மோனியம் ஒலித்தால் அதன் கட்டைகள் உதவும். பள்ளியின் மணியோ கோயிலின் மணியோ ஒலித்து, அம்மணி இன்றும் அங்கே தொங்குமாயின், அதனை ஒருமுறை அடித்துப் பதிந்து ஒப்பிடலாம். அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

நாடாவின் உடலே மூன்றாம் சான்று. இழுதண்டு இல்லாத கருவியில் ஏற்கும் சுருள் சீராகச் சுழன்றிருப்பின், ஒரு சுற்றுக்கு ஒரு நாடாக் கனம் வீதம் ஆரம் கூடும். வேகமும் காலத்தோடு சீராக ஏறும். சுருளின் ஆரத்தையும் நாடாவின் கனத்தையும் அளந்து, ஏதேனும் ஓரிடத்தில் உண்மைச் சுருதியைக் கண்டுவிட்டால், முழு நாடாவிற்கும் வேகக் கோடு வரைந்துவிடலாம்.

இன்னும் நுண்ணிய முறையும் உண்டு. பதிவின் தரத்திற்காகக் கருவி தானே செலுத்தும், செவிக்கு எட்டாத உயர் அலைவெண் ஒன்று நாடாவில் மெலிந்து தங்குகின்றது. அதன் தள்ளாட்டத்தை அளந்து நாடாவின் தள்ளாட்டத்தைத் திருத்துகின்றனர். இத்துறையில் பேர்பெற்ற அமெரிக்கரான ஜேமி ஹோவார்த், நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரி 1949இல் பாடிய நிகழ்ச்சி ஒன்றைச் செப்பம் செய்ததில் பங்கு கொண்டார். அது நாடாவன்று, எஃகுக் கம்பியில் பதிந்தது. கம்பிக் கருவியிலும் ஏற்கும் சுருளே இழுத்தமையால் வேகம் ஓரிடத்தும் நிலையாக இல்லை. அக்குறை நீங்கி வெளிவந்த அப்பதிவு, 2008இல் வரலாற்றுப் பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது.

கணினியில் ஏற்றும் முறை

ஓட்டுவதற்கு முன் நாடாவின் உடல்நிலையை நோக்க வேண்டும். சுருளை வெளிச்சத்தின் முன் பிடித்தால், பழைய அசிட்டேட் நாடா ஒளியை ஊடுருவ விடும். பாலியெஸ்டர் நாடா விடாது. புளித்த காடி மணம் வீசினால் அசிட்டேட் சிதைகின்றது என்பது பொருள். 1970களுக்குப் பிற்பட்ட பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். வல்லுநர் அவற்றை 50 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பின்னரே ஓட்டுவர். அசிட்டேட் நாடாவை அவ்வாறு சூடேற்றலாகாது. மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலையூரில் பூஞ்சையும் படரும் என்பதை மறக்கலாகாது.

பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் வகுத்த நெறி, நொடிக்கு 96,000 மாதிரிகளும் 24 பிட் நுட்பமும் கொண்டு பதிவேற்றுவதைப் பரிந்துரைக்கின்றது. உரிய வேகமுள்ள கருவி கிடைக்காவிடினும் வழி உண்டு. 2.38 வேக நாடாவை 9.5 வேகக் கருவியில் ஓட்டி 96,000 மாதிரி வீதம் ஏற்றி, அக்கோப்பை 24,000 மாதிரி உடையதாகக் கணினிக்கு அறிவித்தால், ஒலி நான்கில் ஒரு பங்கு வேகத்திற்கு இறங்கி நேராகும். வேகத்திற்கேற்ப அமைந்த ஒலிச்சமன் வேறுபாட்டை மட்டும் பின்னர்த் திருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கு இரண்டு விதிகள் தலையாயவை. முதலாவது, திருத்தும்போது சுருதியும் காலமும் சேர்ந்தே மாற வேண்டும். காலத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கும் வசதி இன்றைய மென்பொருள்களில் உண்டு. செவிக்கு இனிமையாகவும் இருக்கும். ஆயினும் அது குரலை மீட்பதன்று. புதிய குரலைப் புனைவது. இரண்டாவது, திருத்தாத முதற்கோப்பை அப்படியே காத்து, திருத்தத்தை அதன் படியில் மட்டும் செய்ய வேண்டும். எவ்வளவு திருத்தினோம், எச்சான்று கொண்டு திருத்தினோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நாம் தவறாகக் கணித்திருப்பின் பின்வருவோர் திரும்பிச் செல்ல வழி இருத்தல் வேண்டும்.

கொடைக்கானலே இதற்கு ஓர் அழகிய சான்று தருகின்றது. அங்குள்ள வானாய்வுக் கூடத்தில் 1904 முதல் கதிரவனைப் படம் பிடித்து வந்தனர். நூறாண்டுப் படங்கள் இன்று கணினி வடிவம் பெற்று ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. எந்நாள், எப்பொழுது எடுத்தது என்னும் குறிப்பை ஒவ்வொரு படத்தோடும் சேர்த்துக் காத்ததனாலேயே அவை ஆய்வுக்கு உதவுகின்றன. குறிப்பில்லாத கண்ணாடித் தகடு வெறும் கண்ணாடி. குறிப்பில்லாத நாடாவும் அத்தகையதே.

குரல் தன் ஊருக்குத் திரும்புதல்

கருவியும் கணக்கும் முடிந்தபின் கேட்க வேண்டியவர் ஒருவர் உளர். அவர் அவ்வூர் மனிதர். நெதர்லாந்து நாட்டு இசையறிஞர் அர்னால்ட் பாக்கே 1938ஐ ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் பலரின் இசையைப் பதிந்தார். அவர் பயன்படுத்திய 'டெபி' என்னும் ஜெர்மானியக் கருவி, காந்த நாடாவுக்கு மாறாகப் பிளாஸ்டிக் பட்டையில் ஊசியால் வரி கீறுவது. உலகில் பரவாமலே மறைந்த முறை. 1984இல் அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாய், எமி காட்லின் என்பாருடன் அவ்வொலிகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்கு வந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்குப் பின் பாடியவரின் வழிவந்தோரைத் தேடிக் கேட்கச் செய்தார். எது மாறிற்று, எது மாறவில்லை என்பதை அவர்கள் வாயிலாகவே அறிந்தார். ஆவணம் காப்பகத்தில் முடிவதன்று, பிறந்த ஊரில் சரிபார்க்கப்படுவது என்னும் பாடத்தை அப்பயணம் நமக்குத் தருகின்றது.

மலையூர் ஒன்றின் பழைய குரலுக்கும் இதுவே நெறி. 'இஃது எங்கள் பாட்டனார் பேசும் விதமன்று. அவர் இவ்வளவு விரைந்து பேசமாட்டார்' என்று ஒரு மூதாட்டி கூறுவாராயின், அச்சொல்லுக்கு நம் கணக்கைக் காட்டிலும் குறைந்த மதிப்பு இல்லை. கணக்கை மீண்டும் பார்ப்பதே ஆய்வாளர் கடமை. அக்குரலை யார் கேட்கலாம், எங்கு வெளியிடலாம் என்பதையும் அவர்களைக் கேட்டே முடிவு செய்தல் அறம்.

முடிவுரை

நாடாக்களைக் காப்பாற்ற 2025ஆம் ஆண்டே எல்லை என ஆஸ்திரேலியத் தேசிய ஒலி, திரைப்படக் காப்பகம் 2015இல் எச்சரித்தது. நாடா அழிவது ஒருபுறம்; ஓட்டும் கருவியும், அதனைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் அருகிப்போவது மறுபுறம். அப்பல்லோ விண்பயணத்தின் கட்டுப்பாட்டறை உரையாடல்கள் பதிந்த முப்பது தட நாடாக்களைப் படிக்க ஒரே ஒரு கருவிதான் எஞ்சியிருந்தது. அதனைத் திருத்தி அமைத்த பின்னரே 19,000 மணி நேர ஒலி மீண்டது. விண்வெளி நிறுவனத்திற்கே அந்நிலை என்றால் நம் வீட்டுப் பரண்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. எச்சரித்த எல்லைக்கு நாமும் வந்துவிட்டோம்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லத்தில் பழைய சுருள் நாடா இருப்பின், ஆசை மிகுதியால் உடனே பழைய கருவியில் ஓட்ட வேண்டா. அதன் அட்டைப் பெட்டியை எறிய வேண்டா. மங்கிய எழுத்தும் சான்றாகும். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கருவி, மின்சாரமா மின்கலமா என்னும் ஐந்தையும் நினைவுள்ளபோதே ஒரு தாளில் எழுதி உடன் வைத்திடுக. மாணவர்களோ கள ஆய்விற்குச் செல்லும்போது, செல்பேசியில் பதியினும் நாளும் இடமும் பெயரும் முதலில் சொல்லிப் பதியும் வழக்கத்தைக் கைக்கொள்க.

வேகம் என்பது ஓர் எண்தான். ஆயினும் அந்த எண்ணைச் சரியாகக் கண்டபொழுதே மறைந்த ஒருவர் தம் சொந்தக் குரலில், தமக்குரிய நிதானத்தோடு பேசுகின்றார். அந்நிதானத்தை அவருக்குத் திருப்பித் தருதல், கேட்கும் நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.